சாக்கடைத் தண்ணியில வைரஸ் தேடுறாங்களாமே? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு ஓரமா ரெண்டே பத்தி எழுதியிருந்தேன். ஊர்ல ஓடுற கழிவுநீரை எடுத்து டெஸ்ட் பண்ணி, அந்த ஏரியாவுல என்ன வைரஸ் பரவிட்டிருக்குனு ஆஸ்பத்திரிக்கு ஆள் வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கலாம்னு. அதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு நினைக்கவே இல்ல. அதனால இந்த தடவை முழுக்க இதே விஷயம்தான். சுகர், மூட்டுவலி பத்தி எழுதிப் போட்டவங்க கொஞ்சம் பொறுத்துக்கங்க, அடுத்த இதழ்ல கண்டிப்பா வரும்.

கேள்வி: சாக்கடையில சோப்பு, ஆசிட், சமையக்கட்டு கழிவுனு எல்லாம் கலந்து கிடக்குது. அதுக்குள்ள போயி ஒரு வைரஸை எப்படிங்க தேடிப் பிடிக்க முடியும்? – ரிட்டயர்டு வாத்தியார், தாம்பரம்

பிடிக்க முடியும் சார், ஏன்னா அது அங்க நிறையவே இருக்கு. போலியோ வந்த குழந்தையோட மலத்துல வாரக்கணக்குல வைரஸ் வெளியேறிட்டே இருக்கும், கொரோனா வந்தவங்க நிறைய பேருக்கும் மலத்துல அதோட துணுக்கு போகும், இதுல முக்கியமான விஷயம் என்னன்னா காய்ச்சலே வராத, தனக்கு வந்திருக்குனே தெரியாத ஆளும் இதே மாதிரி வெளிய விட்டுட்டுதான் இருப்பாரு. அவரு டெஸ்ட் எடுக்கப் போக மாட்டாரு, எந்தக் கணக்குலயும் வர மாட்டாரு, ஆனா காலையில பாத்ரூம் போவாரு இல்லையா.

எடுக்கிற முறை ரொம்ப சிம்பிள். சுத்திகரிப்பு நிலையத்துக்குள்ள தண்ணி வந்து விழுற இடத்துலயோ பம்பிங் ஸ்டேஷன்லயோ, ஊர்ல எல்லாரும் எந்திரிச்சு பாத்ரூம் போற காலை நேரமா பாத்து ஒரு லிட்டர் வாக்குல எடுப்பாங்க. வசதி இருக்குற இடத்துல ஒரு மெஷினை வச்சு 24 மணி நேரமும் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சி ஒண்ணா சேர்ப்பாங்க, அது இன்னும் நல்லது. ஐஸ் பெட்டியில வச்சு லேபுக்கு போனதும் கசடை எல்லாம் பிரிச்சுட்டு, மிச்சத்தை சுண்டக் காய்ச்சுன மாதிரி சின்ன அளவுக்கு செறிவாக்கி, அதுலேர்ந்து வைரஸோட மரபணுவை எடுத்து பிசிஆர் போடுவாங்க, கொரோனா காலத்துல நம்ம மூக்குல குச்சி விட்டு எடுத்தாங்களே, அதே ஆர்டிபிசிஆர் தான். போலியோவா இருந்தா அதோட விட மாட்டாங்க, லேப்ல வச்சிருக்குற உயிரணுக்கள்ல (செல்) வளர்த்துப் பாத்து, மரபணுவை எழுத்து எழுத்தா படிச்சு, இது எந்த ஊர் வைரஸோட சொந்தக்காரன்னு வரைக்கும் சொல்லிடுவாங்க.

இன்னொரு விஷயம் சொன்னா ஆச்சரியப்படுவீங்க. ஒரு நாள் தண்ணி அதிகமா ஓடும், ஒரு நாள் கம்மியா ஓடும், மழை பெஞ்சா எல்லாமே நீர்த்துப் போயிடும், அப்ப வைரஸ் குறைஞ்சுதா இல்ல தண்ணி கூடுச்சானு எப்படி தெரியும்? அதுக்கு மிளகாய், குடமிளகாய் செடிகளைத் தாக்குற ஒரு வைரஸை அளவுகோலா வச்சுக்கிறாங்க. அது மனுசனை ஒண்ணும் பண்ணாது, மிளகாய்த்தூள், சாஸ்னு சாப்பாட்டோட உள்ள போயி அப்படியே வெளிய வந்துடும், உலகத்துல எந்த ஊர் சாக்கடையிலயும் தாராளமா இருக்கும். அந்த மிளகாய் வைரஸ் எவ்ளோ இருக்குனு பாத்தா மனுசக் கழிவு எவ்ளோ கலந்திருக்குனு ஒரு கணக்கு வந்துடும், அதோட ஒப்பிட்டு நோய் வைரஸ் கூடுதா குறையுதானு சொல்லலாம்.

கேள்வி: போலியோ ஒழிஞ்சுடுச்சுனு சர்டிபிகேட்டே குடுத்தாச்சு. அப்புறம் எதுக்கு என் பேரனுக்கு இன்னும் சொட்டு மருந்து, ஊசினு கூப்பிட்டுட்டே இருக்காங்க? – வாசகி, மதுரை

அம்மா, இந்தக் கேள்விக்கு கொஞ்சம் நீளமாவே பதில் சொல்றேன், ஏன்னா சாக்கடை டெஸ்டோட அருமையே போலியோ கதையிலதான் இருக்கு.

போலியோ வைரஸ் தொத்துன பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. சுமாரா 200 பேர்ல ஒருத்தருக்குத்தான் கால் விளங்காம போகும். அப்படின்னா ஒரு குழந்தைக்கு கால் விழுந்துடுச்சுனு நமக்குத் தெரியும்போது, சுத்தி இருநூறு பிள்ளைங்களுக்கு மேல சத்தமில்லாம வைரஸ் புழங்கிட்டு இருக்குனு அர்த்தம். கால் விழுற வரைக்கும் காத்திருந்து கண்டுபிடிக்கிறது எவ்ளோ பெரிய கொடுமைனு யோசிச்சுப் பாருங்க. அதனாலதான் நம்ம நாட்டுல 2001லயே மும்பையில சாக்கடைத் தண்ணிய எடுத்து போலியோ வைரஸ் தேட ஆரம்பிச்சாங்க, அங்க இருக்குற என்டெரோவைரஸ் ஆராய்ச்சி மையத்துலதான் டெஸ்ட். அப்புறம் டெல்லி, கொல்கத்தா, பாட்னானு விரிவாச்சு. மும்பையில போலியோ கேஸே இல்லாத நாட்கள்ல கூட சாக்கடையில வைரஸ் வந்துச்சு, மரபணுவைப் பாத்தா உத்தரப் பிரதேசம், பீகார் பக்கத்து வைரஸோட சொந்தம். பொழப்புக்காக ரயிலேறி வந்த குடும்பங்களோட சேர்ந்து வந்தது, அவங்க தப்பு இல்ல, அவங்க ஊர்ல தடுப்பு மருந்து ஒழுங்கா போய்ச் சேராததோட விளைவு. எந்த ஊர்ல இன்னும் வேலை பாக்கி இருக்குனு மும்பை சாக்கடை சொல்லிக் குடுத்துச்சு.

நம்ம நாட்டுல காட்டு வகை (அதாவது மருந்துலேர்ந்து வராம, இயற்கையா பரவுற) போலியோ வைரஸ் சாக்கடையில கடைசியா கிடைச்சது 2010 நவம்பர், மும்பையில. கடைசி குழந்தை 2011 ஜனவரி 13, மேற்கு வங்கம் ஹவுராவுல ரெண்டு வயசுப் பொண்ணு. 2014 மார்ச் 27ல உலக சுகாதார நிறுவனம் சர்டிபிகேட் குடுத்துச்சு. நீங்க சொல்றது அதைத்தான்.

ஆனா அதோட முடியல. சொட்டு மருந்துல இருக்குறது வலுவைக் குறைச்ச உயிருள்ள வைரஸ். அது குழந்தையோட வயித்துல கொஞ்ச நாள் இருந்து வெளிய போகும், பெரும்பாலும் நல்லதுதான், ஆனா தடுப்பு மருந்து போடாத பிள்ளைங்க நிறைய இருக்குற இடத்துல அது ஆள் மாத்தி ஆள் தொத்தி தொத்தி, மாசக்கணக்குல மாறி மாறி, திரும்பவும் காலை முடக்குற வலுவுக்கு வந்துடலாம். 2016ல ஹைதராபாத் சாக்கடையில அப்படி மாறுன டைப் 2 வைரஸ் (போலியோவுல மூணு வகை இருக்கு, அதுல ரெண்டாவது) ஒண்ணு கிடைச்சுது. ஒரு குழந்தைக்குக் கூட பாதிப்பு இல்ல. ஆனாலும் கவர்மென்ட் காத்திருக்கல, ஜூன் மாசமே ஹைதராபாத், ரங்காரெட்டி பகுதியில 6 வாரத்துலேர்ந்து 3 வயசு வரைக்கும் இருந்த பிள்ளைங்க 3 லட்சம் பேர் வாக்குல ஊசி போட்டு முடிச்சாங்க. ஊசி மருந்து தட்டுப்பாடா இருந்த நேரம், அதனால தோலுக்குள்ள அஞ்சுல ஒரு பங்கு அளவு போடுற முறையில போட்டாங்க. ஒரு குழந்தையோட காலும் போகல. இந்தச் செய்தி பேப்பர்ல உள்பக்கத்துல சின்னதா வந்துட்டுப் போயிடுச்சு, எனக்கு அது இன்னைக்கும் வருத்தம், நம்ம நாட்டுல நடந்த எவ்ளோ நல்ல வேலை அது.

பணக்கார நாட்டுலயும் இதே கதைதான். 2022ல லண்டன்ல பெக்டன்ங்கிற பெரிய சுத்திகரிப்பு நிலையத்துல திரும்பத் திரும்ப இதே மாதிரி டைப் 2 வைரஸ் வந்துச்சு, அந்த வருஷம் ஆகஸ்ட்ல லண்டன் முழுக்க 1 வயசுலேர்ந்து 9 வயசு வரைக்கும் இருக்குற பிள்ளைங்களுக்கு கூடுதல் தடுப்பூசி அறிவிச்சாங்க.

அதனால பேரனைக் கண்டிப்பா கூட்டிட்டுப் போங்க. சொட்டு மருந்து மட்டும் போதும்னு விட்டுடாம 6 வாரம், 14 வாரம், 9 மாசம்னு போடுற போலியோ ஊசியையும் அட்டையில டிக் ஆகியிருக்கானு ஒரு தடவை பாத்துக்கங்க.

கேள்வி: எங்க தெருவுல அடிக்கடி சாக்கடை பொங்குது. அப்ப அது வழியா கொரோனா வருமா? – வாசகி, வியாசர்பாடி

கொரோனா அந்த வழியா பரவுறது பத்தி பெருசா பயப்பட வேண்டாம். சாக்கடையில கிடைக்கிறது பெரும்பாலும் அந்த வைரஸோட செத்த துணுக்குங்கதான், மரபணு மிச்சம் இருக்கும், தொத்துற சக்தி இருக்காது. ஆனா பொங்குற சாக்கடையால வர்ற ஆபத்து வேற இருக்கு, மஞ்சக்காமாலை (ஹெபடைடிஸ் ஏ, இ), டைபாய்டு, காலரா, வாந்தி பேதி. குடிதண்ணி பைப்பும் சாக்கடையும் பக்கத்துல பக்கத்துல போற தெருவா இருந்தா தண்ணிய கொதிக்க வச்சு ஆற வச்சுத்தான் குடிக்கணும், புகார் குடுத்த நம்பரை எழுதி வச்சுக்கிட்டு திரும்பத் திரும்ப கேளுங்க.

கேள்வி: கொரோனா சமயத்துல இது நெசமாலுமே உதவுச்சா, இல்ல ஆராய்ச்சிக் கட்டுரை எழுத மட்டுந்தானா? – இன்ஜினியரிங் மாணவர், கோவை

நெசமாவே உதவுச்சு தம்பி, ஆனா அப்படியே நம்பக் கூடாத இடமும் இருக்கு.

நெதர்லாந்துல ஆமர்ஸ்ஃபோர்ட்னு ஒரு ஊர். 2020 மார்ச் 5 அன்னைக்கு எடுத்த சாக்கடைத் தண்ணியில கொரோனா மரபணு இருந்துச்சு, அந்த ஊர்ல முதல் நோயாளி கணக்குல வந்தது அதுக்குச் சில நாள் கழிச்சுத்தான். அதே வருஷம் ஆகஸ்ட்ல அமெரிக்காவுல அரிசோனா யுனிவர்சிட்டி ஹாஸ்டல் ஒண்ணுல, கட்டடத்துலேர்ந்து வெளிய வர்ற கழிவுநீர்ல வைரஸ் தெரிஞ்சுது, உடனே அங்க இருந்த 311 பேருக்கும் டெஸ்ட் எடுத்தாங்க, ரெண்டு மாணவர்களுக்கு பாசிட்டிவ், ரெண்டு பேருக்கும் ஒரு அறிகுறியும் இல்ல. அவங்களை மட்டும் தனியா வச்சு ஹாஸ்டலைக் காப்பாத்திட்டாங்க. இதை விட தெளிவா ஒரு உதாரணம் சொல்ல முடியாது.

நம்ம ஊர்ப்பக்கம் வந்தா, ஹைதராபாத்ல இருக்குற சிசிஎம்பிங்கிற உயிரியல் ஆராய்ச்சி மையத்து ஆராய்ச்சியாளர்கள் 2020ல நகரத்தோட சுத்திகரிப்பு நிலையங்கள்ல எடுத்த மாதிரியை வச்சு, சுமாரா ஆறரை லட்சம் பேருக்கு தொத்தியிருக்கலாம்னு ஆகஸ்ட்ல மதிப்பிட்டாங்க. கவர்மென்ட் கணக்குல இருந்ததை விட பல மடங்கு அதிகம். இதுல ஒரு எச்சரிக்கையும் சொல்லணும், தலை எண்ணிக்கையா அதை எடுத்துக்கக் கூடாது, ஒவ்வொருத்தரும் எவ்ளோ வைரஸ் வெளிய விடுவாங்கங்கிறது ஆளுக்கு ஆள் மாறும், அதனால இந்த மாதிரி கணக்குல மேல கீழ நிறைய வித்தியாசம் வரலாம். போன வாரத்தை விட இந்த வாரம் ஏறுதா இறங்குதா, புது வகை நுழைஞ்சிருக்கா, இதுக்குத்தான் சாக்கடை டெஸ்டை நம்பலாம். பெங்களூர்ல அப்படித்தான் 28 சுத்திகரிப்பு நிலையத்துலேர்ந்து தொடர்ந்து எடுத்து 2022 ஒமிக்ரான் அலையைப் பின்தொடர்ந்தாங்க, ஒரு கோடி பேருக்கு மேல அந்த நிலையங்களுக்குக் கீழ வர்றாங்க. ஒரு கோடி மூக்குல குச்சி விட எத்தனை ஆளு, எவ்ளோ செலவு, எத்தனை கிட்டு வேணும்னு நீங்களே கணக்கு போட்டுப் பாருங்க. அதுவும் வீட்டுலயே கிட்டு வாங்கி டெஸ்ட் எடுக்க ஆரம்பிச்சப்புறம், டெஸ்டே எடுக்காம விட்டப்புறம், ஆஸ்பத்திரிக் கணக்குக்கும் உண்மைக்கும் சம்பந்தமே இல்லாம போயிடுச்சு. கூலி போயிடும்னு பயந்து டெஸ்டுக்கே போகாத ஆளுங்களோட நிலைமையும் சேர்த்து தெரிய வர்றது இந்த ஒரு வழியிலதான். எனக்கு இதுல பிடிச்சதே அதுதான்.

கேள்வி: நாளைக்கு எங்க வீட்டு பைப்பையும் டெஸ்ட் பண்ணி இந்த வீட்டுல நோய் இருக்குனு போர்டு மாட்டிட்டாங்கன்னா? – வாசகர், ஆம்பூர்

உங்க பயம் நியாயமானது, அப்படியெல்லாம் நடக்காதுனு ஒரே வார்த்தையில சொல்லி தட்டிக் கழிக்க மாட்டேன். கொரோனா நேரத்துல வாசல்ல ஸ்டிக்கர் ஒட்டுனதையும் தெருவைத் தகரம் வச்சு அடைச்சதையும் நாம எல்லாரும் பாத்தோம்.

லட்சக்கணக்கான பேரோட கழிவு சேர்ற இடத்துல எடுக்கிற தண்ணியிலேர்ந்து யாரையும் தனியா பிரிக்க முடியாது, தேடுறதும் வைரஸோட மரபணுவைத்தான், உங்களோடதை இல்ல. ஆனா எடுக்கிற இடத்தை சின்னதாக்கிட்டே போனா வீடு வரைக்கும் போக முடியும். 1940கள்லயே இங்கிலாந்துல பிரெண்டன் மூர்னு ஒருத்தர் துணிச்சுருளை நூல்ல கட்டி சாக்கடைக்குள்ள தொங்க விட்டு, பாராடைபாய்டு (டைபாய்டு மாதிரி ஒரு காய்ச்சல்) கிருமி எந்தக் கிளையிலேர்ந்து வருதுனு மேல மேல தேடிப் போயி, கிருமியை விட்டுட்டிருந்த ஆளோட வீட்டையே கண்டுபிடிச்சிருக்காங்க. அந்தத் துணிச்சுருளுக்கு இன்னைக்கும் அவரோட பேருதான். அதனால எவ்ளோ சின்ன பகுதி வரைக்கும் எடுக்கலாம், ரிசல்ட்டை எந்த அளவுக்கு வெளிய சொல்லலாம், போலீஸ்கிட்ட போகக் கூடாதுனெல்லாம் எழுத்துல ஒரு விதி இருக்கணும். ஒரு காலனி பேரை மட்டும் வெளிய விட்டா அங்க இருக்குற ஜனங்களை வேலைக்கே கூப்பிட மாட்டாங்க, பிள்ளைங்களை ஸ்கூல்ல தள்ளி உக்கார வைப்பாங்க, அதை நாம அனுமதிக்கக் கூடாது.

கேள்வி: எங்க பேரூராட்சியில பாதாள சாக்கடையே கிடையாது, எல்லாம் செப்டிக் டேங்குதான். அப்ப நாங்க இந்தக் கணக்குலயே இல்லையா? – வாசகர், புதுக்கோட்டை மாவட்டம்

இப்போதைக்கு பெரும்பாலும் இல்லங்க, இதுதான் இந்த முறையோட பெரிய ஓட்டை. பாதாள சாக்கடை இருக்குற பெரிய நகரத்துக்குத்தான் இது சுலபம். செப்டிக் டேங்குல இன்னொரு சிக்கலும் இருக்கு, கசடு வருஷக்கணக்குல அடியில கிடக்கும், லாரி வந்து உறிஞ்சும்போது போன வருஷத்து விஷயமும் இந்த வாரத்து விஷயமும் ஒண்ணாக் கலந்து வரும், அதுல எது புதுசுனு எப்படி சொல்றது.

ஆனா வழியே இல்லாம இல்ல. சாக்கடைக் குழாய் இல்லாத ஊர்கள்ல திறந்த கால்வாய்லேர்ந்தே மாதிரி எடுக்குறது போலியோ கண்காணிப்புல ரொம்ப நாளா இருக்குற பழக்கம். பஸ் ஸ்டாண்டு கழிப்பறை, சந்தை, அரசு ஆஸ்பத்திரி, ஸ்கூல்னு பல ஊர் ஜனங்க வந்து போற இடத்துல எடுக்கலாம். செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில இருக்குற மாதிரி மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் உங்க பக்கம் இருந்தா, லாரி கொண்டு வந்து கொட்டுற இடத்துல எடுத்தாலும் குத்துமதிப்பா ஒரு தகவல் கிடைக்கும். வேலூர் சிஎம்சிகாரங்க டைபாய்டு கிருமிக்காக சாக்கடை மாதிரி எடுத்து ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, அதாவது நம்ம மாநிலத்துலயே இதுக்கு கை தேர்ந்த ஆளுங்க இருக்காங்க. சின்ன ஊருக்கு ஏத்த முறையை உருவாக்கச் சொல்லி கேக்குற உரிமை உங்களுக்கு இருக்கு.

கேள்வி: டெங்குவையும் இப்படி கண்டுபிடிக்கலாமா? – வாசகி, கடலூர்

முயற்சி நடக்குது, ஆனா டெங்கு வைரஸ் மலம், சிறுநீர்ல ரொம்பக் கம்மியாத்தான் வரும், போலியோ அளவுக்கு நம்ப முடியாது. டெங்குவுக்கு உங்க வீட்டு டிரம், டயர், ஃபிரிட்ஜ் பின்பக்கத் தட்டுல கொசுப்புழு இருக்கானு பாக்குறதுதான் இப்பவும் பெஸ்ட்.

கேள்வி: சரி, கண்டுபிடிச்சாச்சு. அப்புறம்? பைல்ல வச்சு மூடிடுவாங்க. என்ன பிரயோஜனம்? – வாசகர், நாகர்கோவில்

உங்க கோபம் புரியுது. மூடி வச்சா ஒரு பிரயோஜனமும் இல்லதான். மூடி வைக்காத ஒரு நாட்டைச் சொல்றேன். இஸ்ரேல்ல 2005லேர்ந்து 2013 வரைக்கும் போலியோ ஊசி மட்டும்தான் போட்டாங்க, சொட்டு மருந்து இல்ல. ஊசி காலைக் காப்பாத்தும், ஆனா குடல்ல வைரஸ் பெருகுறதை அவ்வளவா தடுக்காது. 2013ல ராஹத்ங்கிற ஊர் சாக்கடையில காட்டு வகை போலியோ வைரஸ் வந்துச்சு, தேடிப் பாத்தா அது பல ஊர்ல சத்தமில்லாம சுத்திட்டு இருக்கு. ஆகஸ்ட்ல சொட்டு மருந்தைத் திரும்பக் கொண்டு வந்து நாடு முழுக்க குடுத்தாங்க. ஒருத்தருக்கும் கால் விழல.

அதே மண்ணுக்குப் பக்கத்துலயே இன்னொண்ணும் நடந்துச்சு. காஸாவுல 2024 ஜூன் 23ல கான் யூனிஸ், டெய்ர் அல் பலா பகுதிகள்ல எடுத்த கழிவுநீர்ல டைப் 2 வைரஸ் இருக்குறது ஜூலையிலயே தெரிஞ்சு போச்சு. போருக்கு நடுவுல, குண்டு விழுந்துட்டு இருக்குற இடத்துல யாரு எப்படி போய் மருந்து குடுப்பாங்க? பத்து மாசக் குழந்தை ஒண்ணுக்கு கால் விழுந்தது போலியோவாலதான்னு ஆகஸ்ட்ல உறுதியாச்சு, 25 வருஷத்துல அங்க முதல் தடவை. அதுக்கப்புறம்தான் செப்டம்பர் 1லேர்ந்து சண்டையை மணிக்கணக்குல நிறுத்தி வச்சு ஐந்தரை லட்சம் பிள்ளைங்களுக்கு மேல மருந்து குடுத்தாங்க. தகவல் கையில இருந்தும் அந்தக் குழந்தையைக் காப்பாத்த முடியல, இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு அடைக்குது. லேப் தன் வேலையைச் செஞ்சிடுச்சு, மிச்சத்தை மனுசங்க செய்யணும். அதனால உங்க மாவட்ட சுகாதார ஆபீசுல கேக்க வேண்டிய கேள்வி, டெஸ்ட் பண்றீங்களானு மட்டும் இல்ல, பாசிட்டிவ் வந்தா எத்தனை நாள்ல யாரு என்ன செய்யணும்னு எழுதி வச்சிருக்கீங்களானும் கேளுங்க.

கேள்வி: எங்கப்பா கழிவுநீர் வேலைதான் பாக்குறாரு. இந்த மாதிரி தண்ணி எடுக்கவும் அவங்களைத்தான் இறக்குவாங்களா? அவருக்கு ஏதாவது ஆயிடுமோனு பயமா இருக்கு. – கல்லூரி மாணவி, சென்னை

மாதிரி எடுக்கறதுக்கு யாருமே உள்ள இறங்கத் தேவையில்லமா. கயிறு கட்டுன வாளி, நீளக் கம்பியில மாட்டுன பாத்திரம், இல்லன்னா பம்ப், இவ்ளோதான். கை உறை, மாஸ்க், கண்ணாடி, பூட்ஸ் போட்டு மேல நின்னே எடுக்கலாம். எடுக்கவோ அடைப்பை நீக்கவோ யாராவது பாதுகாப்பு இல்லாம உள்ள இறங்கச் சொன்னா அது மனுசக் கழிவை மனுசனே அள்ளுறதைத் தடுக்குற 2013 சட்டப்படி குற்றம், சொல்றவங்க மேல கேஸ் போடலாம். ஊரோட உடம்பு நிலைமையைத் தெரிஞ்சுக்க உதவுறதே அந்த வேலை செய்யிறவங்கதான், அவங்க உடம்பை யாரும் பாக்கலன்னா இந்த விஞ்ஞானத்துக்கே மரியாதை இல்ல.

அப்பாவுக்கு நீங்க செய்ய வேண்டியது, டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி ஊசி போட்டாச்சானு பாருங்க, ஹெபடைடிஸ் ஏ, டைபாய்டு ஊசி பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க. கையில கால்ல வெட்டு, புண்ணு இருந்தா தண்ணி படாத மாதிரி ஒட்டி மூடாம வேலைக்கு அனுப்பாதீங்க. காய்ச்சலோட கெண்டைக்கால் வலி, கண்ணு சிவப்புனு வந்தா மெடிக்கல் ஷாப்புல மாத்திரை வாங்கி சமாளிக்காம டாக்டரைப் பாக்கணும், உள்ள நுழைஞ்சதும் முதல்ல என்ன வேலை பாக்குறேன்னு சொல்லச் சொல்லுங்க. எலிக்காய்ச்சலா இருந்தா அந்த ஒரு தகவல்லதான் டாக்டருக்கு சந்தேகமே வரும், சீக்கிரம் ஆரம்பிச்சா சாதாரண ஆன்டிபயாடிக்லயே சரியாயிடும், லேட்டானா கிட்னி வரைக்கும் போயிடும்.